கிழக்குச் செருமனியின் அருங்காட்சியகங்களில் அகமும் புறமும்

திறனாய்வு என்பது இலக்கிய நூல்களுக்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. ஆயினும், பொருள்களைத் தேர்ந்து, முறைப்படுத்தி, விளக்கம் எழுதி, காண்பார் உள்ளத்தில் ஒரு கருத்தை ஊன்றச் செய்யும் முயற்சி எதுவாயினும் அதுவும் ஒருவகை நூலே எனலாம். அருங்காட்சியகம் அத்தகையது. ஆங்கு வைக்கப்பட்ட பொருள் மூலம்; அதன் அருகே எழுதப்பட்ட சிறு குறிப்பு உரை. மூலத்தை உரை விளக்குகின்றதா, மூலத்தின்மேல் தன் கருத்தை ஏற்றுகின்றதா என்னும் வினா தொல்காப்பிய உரைகளைப் பயில்வார்க்குப் புதியதன்று. இஃது இளம்பூரணர் கொண்ட பொருள், இது நச்சினார்க்கினியர் கொண்ட பொருள் எனப் பிரித்தறிய நமக்கு வழி உண்டு. அருங்காட்சியகக் குறிப்புக்கோ பெரும்பாலும் ஆசிரியர் பெயர் இல்லை. சுவரே பேசுவதுபோல் அது பேசுகின்றது. ஆதலின் அதனை ஐயுறுவார் சிலரே.

இவ்வகையில் ஆராய்தற்கு ஏற்றதொரு களம் கிழக்குச் செருமனி. 1949 அக்டோபர் 7 ஆம் நாள் செருமானிய மக்களாட்சிக் குடியரசு என்னும் பெயரால், பொதுவுடைமைக் கொள்கையுடைய ஒரு கட்சியின் ஆட்சியில் தோன்றிய அந்நாடு, 1990 அக்டோபர் 3 ஆம் நாள் மேற்குச் செருமனியோடு இணைந்து மறைந்தது. நாடு மறைந்தது, அதில் வாழ்ந்தோர் மறைந்திலர். சங்க காலத்தைப்பற்றி நாம் எது கூறினும் மறுத்துரைக்கச் சங்க காலத்தார் வருவதில்லை. கிழக்குச் செருமனியில் வளர்ந்து முதிர்ந்தோரோ, தாம் வாழ்ந்த வாழ்வு கண்ணாடிப் பேழைக்குள் இருத்தலை நுழைவுச் சீட்டு வாங்கிச் சென்று காண்கின்றனர். உரை பிழைபட்டால் மூலமே எழுந்து மறுக்கும் நிலை இது. இந்நிலை இன்னும் நெடுங்காலம் இராது. ஆதலின் இவ்வாராய்ச்சியைக் காலந்தாழ்த்தாது செய்தல் வேண்டும்.

அந்நாட்டைப் பற்றிய முதல் அருங்காட்சியகத்தை அமைத்தது அந்நாடே என்பதை இங்கு மறத்தலாகாது. 1952 ஆம் ஆண்டில் கிழக்கு பெர்லினில் செருமானிய வரலாற்றுக்கான அருங்காட்சியகம் நிறுவப்பெற்றது. பழைய படைக்கலக் கொட்டிலான பெருமாளிகை அதற்கு இடமாயிற்று. செருமானிய வரலாறு முழுதும் உழைப்பாளர் ஆட்சியை நோக்கியே நடந்து வந்தது என்பதே அதன் உரை. 1990 ஆம் ஆண்டில் அது கலைக்கப்பட்டு, அதன் தொகுப்புகள் செருமானிய வரலாற்று அருங்காட்சியகம் என்னும் மற்றொரு நிறுவனத்தைச் சேர்ந்தன. மாளிகை அதுவே, பொருள்களுட் பலவும் அவையே, உரை மட்டும் மாறிற்று. மூலம் தானே பேசும் என்று நம்புவார் இவ்வொரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்த்தல் நன்று.

இணைப்புக்குப் பின் எழுந்த காட்சிநிலையங்கள் ஏறத்தாழ இரு பிரிவாக நின்றன. அச்சத்தைக் காட்டுவன ஒருசார். அன்றாட வாழ்வைக் காட்டுவன மற்றொருசார். முன்னவற்றுள் தலையாயது, மக்கள் 'ஸ்டாசி' எனச் சுருக்கி வழங்கிய நாட்டுப் பாதுகாப்பு அமைச்சின் தலைமையகம். 1990 சனவரி 15 ஆம் நாள் மக்கள் திரண்டு அக்கட்டடத்துள் நுழைந்தனர். அவ்வாண்டு நவம்பரிலேயே அது காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஓராண்டு முடியுமுன் ஒரு நாட்டின் அச்சக்கூடம் அதன் காட்சிக்கூடமானது வியப்பிற்குரியதே. ஹோகன்ஷோன்ஹவுசன் என்னும் பகுதியில் அவ்வமைச்சு நடத்திய விசாரணைச் சிறை 1994 முதல் நினைவிடமாக விளங்குகின்றது. ஆங்குச் சிறையிருந்தோர் பலர் தாமே வழிகாட்டிகளாய் நின்று, தம் அறையைத் தாமே காட்டி வருவாராயினர். 1989 ஆம் ஆண்டில் அவ்வமைச்சின் முழுநேரப் பணியாளர் ஏறத்தாழ 91,000 பேர்; மறைவாக உளவுரைத்தோர் ஏறத்தாழ 1,89,000 பேர். நாட்டு மக்கள்தொகையோ ஒரு கோடியே அறுபது இலட்சத்தைச் சிறிதே கடந்தது. எஞ்சி நின்ற கோப்புகளை நெடுக வைத்தால் 111 கிலோமீட்டர் நீளும்.

அன்றாட வாழ்வைக் காட்டுவனவற்றுள் புகழ்பெற்றது, பெர்லினில் ஸ்ப்ரே ஆற்றங்கரையில் 2006 சூலையில் திறக்கப்பெற்ற தனியார் அருங்காட்சியகம். மேற்குச் செருமனியின் ஃபிரைபர்க்கைச் சேர்ந்த பீட்டர் கென்ட்செல்மன் என்பார் அதனை நிறுவினார். அங்குக் காண்பார் பொருளைத் தொடலாம், இழுப்பறைகளைத் திறக்கலாம், அந்நாட்டு மக்கள் பத்தாண்டுக்கு மேலும் காத்திருந்து பெற்ற டிராபண்ட் வண்டியில் அமர்ந்து, திரையில் விரியும் தெருவில் ஓட்டலாம். இதனையொட்டி அரசும் 2013 நவம்பரில், பழைய மதுவாலைக் கட்டடம் ஒன்றில், அன்றாட வாழ்வைப் பற்றிய காட்சியகம் ஒன்றைக் கட்டணமின்றித் திறந்தது. இவற்றுக்கெல்லாம் முற்பட்டது ஐசென்ஹூட்டென்ஸ்டாட் நகரத்துத் தொகுப்பு. அதனைப் பின்னர்க் காண்போம்.

இப்பிரிவு தானே நேர்ந்ததன்று. அதன்மேல் கடுமையான வழக்கும் நிகழ்ந்தது. 2005 ஆம் ஆண்டில் செருமானிய நடுவணரசு, மார்ட்டின் சாப்ரோ என்னும் வரலாற்றறிஞர் தலைமையில் ஒரு குழுவை அமைத்து, அப்பழமையை எங்ஙனம் காட்டுவது என ஆராயப் பணித்தது. 2006 இல் குழு தன் கருத்தை வெளியிட்டது. அடக்குமுறையை மட்டும் காட்டினால் போதாது, மக்கள் வாழ்வையும் அவர்தம் இணக்கத்தையும் எதிர்ப்பையும் சேர்த்தே காட்டவேண்டும் என்பது அதன் கருத்து. உடனே எதிர்ப்பு எழுந்தது. வீட்டுப் பொருள்களைக் காட்டத் தொடங்கினால் கொடுங்கோன்மை இனிப்பாகிவிடும் என்றனர் சிலர். கிழக்கையும் பழமையேக்கத்தையும் குறிக்கும் செருமானியச் சொற்கள் இரண்டு ஒட்டிப் பிறந்த 'ஆஸ்டால்கி' என்னும் புதுச்சொல், இவ்வழக்கில் பெரிதும் வசைமொழியாகவே வழங்கிற்று. (இடையெழுத்துக் கெட்டுப் புணர்ந்த அச்சொல் நம் புணர்ச்சி விதிகளுள் எதற்கும் அடங்காது.) 2008 இல் நாடாளுமன்றம் ஏற்ற நினைவிடக் கொள்கை ஒருவாறு நடுவுநிலை கண்டது: அன்றாட வாழ்வைக் காட்டலாம், ஆனால் சர்வாதிகாரத்தின் பின்னணியில் வைத்தே காட்டவேண்டும் என்பதாம்.

இவ்விரு கட்சியாரும் ஒன்றில் உடன்படுகின்றனர் என்பதே எம் கருத்து. வீடு வேறு, அரசு வேறு என்பதை இருவரும் ஐயமின்றிக் கொள்கின்றனர். ஒருவர் வீட்டைக் காட்டுக என்கின்றார். மற்றவர் அரசைக் காட்டுக என்கின்றார். அகம் புறம் என்னும் பாகுபாட்டில் பழகிய நமக்கு இது எளிதில் புலனாகும். ஆனால் நம் மரபு அப்பாகுபாட்டைச் செய்தபோது அதற்கு ஓர் அடையாளமும் கூறிற்று. அகத்தில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்பெறாது. அவர்தம் காதல் யாவர்க்கும் பொது. புறத்திற்குப் பெயரும் ஊரும் குடியும் உரியன. இவ்வளவுகோலைக் கொண்டு பெர்லின் காட்சியகங்களை அளந்தால் ஒரு வியத்தகு உண்மை புலப்படும். சிறை நினைவிடத்தில் மனிதர்க்குப் பெயர் உண்டு, கைதான நாள் உண்டு, அறை எண் உண்டு. ஆற்றங்கரை அருங்காட்சியகத்து வரவேற்பறைக்கோ உரியவர் எவரும் இலர். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை அடுக்களை, படுக்கையறை முதலியவற்றோடு அங்கே படைத்துக் காட்டியுள்ளனர். அஃது எவர் வீடும் அன்று. அந்நாட்டார் யாவர் வீடும் அதுவே என்பது குறிப்பு. துன்புற்றோர் தனிமனிதராயினர்; வாழ்ந்தோர் மாதிரிகளாயினர்.

காதலுக்குப் பொதுமை பொருந்தும். ஓர் அரசின்கீழ் நடந்த குடும்ப வாழ்வுக்கு அது பொருந்துமா? இதனை ஒரு பொருளைக் கொண்டு விளக்குவோம்.

கிழக்குச் செருமனியின் குழந்தைக் காப்பகங்களில் நீண்டதொரு பலகை இருந்தது. அதில் வரிசையாகக் கழிகலன்களைப் பொருத்திக் குழந்தைகளை ஒருங்கே அமர்த்துவர். அன்றாட வாழ்வைக் காட்டும் அருங்காட்சியகங்களில் இப்பலகை பெரிதும் விரும்பிக் காட்டப்பெறுவது. காண்பார் முதலில் நகைப்பர், பின் படம் பிடிப்பர். 1999 ஆம் ஆண்டில் மேற்குச் செருமனியைச் சேர்ந்த குற்றவியலறிஞர் கிறிஸ்டியன் ஃபைஃபர் என்பார் இதற்கு ஓர் உரை எழுதினார். குழந்தைப் பருவத்திலேயே தனிமையின்றிக் கூட்டமாகப் பழக்கப்பட்டமையே, கிழக்குப் பகுதி இளைஞர் சிலர் அயலாரை வெறுத்துத் தாக்குவதற்கு ஒரு காரணம் என்பது அவர் கொள்கையின் சாரம். கிழக்கில் பெருஞ்சினம் எழுந்தது. அவ்வுரையை ஏற்பதும் மறுப்பதும் குற்றவியலார் பணி. எமக்கு வேண்டுவது வேறு. ஒரு பலகைக்கு எத்துணை உரைகள் இயலும் என்பதையே இங்கு நோக்குதல் வேண்டும். அரசு தன் மக்களைத் தொட்டிலிலிருந்தே வரிசைப்படுத்தியது என்பது ஓர் உரை. அந்நாட்டுப் பெண்டிர், கல்வி பயின்றோரையும் சேர்த்து, பதின்மருள் ஏறத்தாழ ஒன்பதின்மர் பணிசெய்தனர். அவர் காலையில் பணிக்குச் செல்லக் காப்பகமே துணை என்பது மற்றோர் உரை. ஒரு செவிலி பல குழந்தைகளைப் பேணவேண்டியிருந்த நெருக்கடியால் விளைந்த வசதி, வேறொன்றுமில்லை என்பது மூன்றாவது உரை. இவற்றுள் எது பொருந்தும் என்பதைப் பலகை கூறாது. எந்தக் காப்பகத்தில், எந்த ஆண்டில், எத்தனை குழந்தைகளுக்கு எத்தனை பேர் என்பது தெரிந்தால் ஓரளவு கூறலாம். பொதுமையாக்கிய காட்சி அவ்விவரத்தையே முதலில் களைந்துவிடுகின்றது. மூலத்தின் இடத்தையும் காலத்தையும் நீக்கியபின் அதற்கு எவ்வுரையும் ஒட்டும்.

தொட்டுப் பார்க்க இடம் தருதலே பெரிய விளக்கம் என அவ்வருங்காட்சியகத்தார் கருதுகின்றனர். தொடுதல் ஓர் இன்பம். அதனை யாம் குறை கூறவில்லை. குழந்தைகளோடு வருவார்க்கு அதனினும் ஏற்ற வழி இல்லை. ஆயினும் டிராபண்ட் வண்டியின் சக்கரத்தைத் தொட்டவர் அதன் எடையையும் மணத்தையும் அறிவர். பத்தாண்டுக் காத்திருப்பை அறியார். காத்திருப்பு பொருளில் இல்லை.

அவ்வருங்காட்சியகத்திற்கு நீதி செய்தலும் வேண்டும். வீட்டையும் அரசையும் இணைத்துக் காட்ட அவர் முயன்றதுண்டு. வரவேற்பறையில் ஒட்டுக்கேட்கும் கருவியைப் பொருத்தி, அங்கு அமர்ந்து பேசுவார் பேச்சை வேறோரிடத்தில் செவிக்கருவியால் பிறர் கேட்குமாறு அமைத்தனர். கருத்து நன்று. ஆனால் விளைவு விளையாட்டே. ஒட்டுக்கேட்கப்படுவோர் சுற்றுலா வந்தவர், கேட்போரும் அவரே. அவர் பேச்சால் எவர்க்கும் வேலை போகாது. எவர் மகனும் பல்கலைக்கழக இடத்தை இழக்கமாட்டான். ஒட்டுக்கேட்டலின் கொடுமை கேட்டலில் இல்லை, கேட்டபின் நிகழ்ந்தவற்றில் உண்டு. நிகழ்ந்ததைக் கூறப் பெயருடைய ஒருவர் வேண்டும்.

அத்தகைய பெயர்கள் பொதுவெளியில் உண்டு. வேரா வோலன்பெர்கர் ஆட்சியை எதிர்த்துப் போராடி 1988 இல் சிறைப்பட்டவர். பின்னர் நாடாளுமன்ற உறுப்பினரானவர். கோப்புகள் வெளிப்பட்டபோது, தம்மைப்பற்றி 'டொனால்டு' என்னும் மறைபெயரில் உளவுரைத்தவர் தம் கணவரே என்பதை அறிந்தார். அவர்கள் வீட்டு மேசையை எந்த அருங்காட்சியகத்தில் வைப்பது? அச்சத்தைக் காட்டுவதிலா, அன்றாட வாழ்வைக் காட்டுவதிலா? இப்பிரிவினை எத்துணைப் பொருந்தாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இங்கு நெடுநல்வாடையை நினைத்தல் தகும். தலைவனைப் பிரிந்த தலைவியின் துயரைக் கூறும் அப்பாட்டு அகமே என்று கற்பார் எவரும் கருதுவர். நச்சினார்க்கினியர் அதனைப் புறம் என்றார். பாசறைக் காட்சியில் வேலின்மேல் கட்டிய வேம்பு பாண்டியனுக்குரிய அடையாளம் என்பதே அவர் காட்டிய காரணம். அம்முடிபு பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் ஒரு சிறு பொருள் பாட்டின் திணையையே மாற்றவல்லது என்று கண்ட நுண்மை போற்றத்தக்கது. ஸ்டாசித் தலைமையகத்தில் பூஞ்செடிக்கு நீரூற்றும் கலம் ஒன்றைக் காட்டுகின்றனர். அதனுள் மறைவாகப் படப்பெட்டி பொருத்தப்பட்டுள்ளது. தோட்டத்தில் அது கிடந்தால் அகம் என்போம். உள்ளே உள்ள கண்ணாடிவில்லையைக் கண்டபின் அவ்வாறு கூற ஒண்ணாது. அத்தலைமையகத்தின் இரண்டாம் மாடியில், நெடுங்காலம் அமைச்சராயிருந்த எரிக் மீல்கேயின் அறைகள் அவர் விட்டுச்சென்ற தட்டுமுட்டுகளோடு பேணப்படுகின்றன. அவருக்குக் காலையுணவு பரிமாறும் முறையைக் குறித்த அட்டை ஒன்றும் உண்டு; முட்டை எத்துணை நேரம் வேகவேண்டும், தட்டில் எப்பொருள் எவ்விடத்தில் இருக்கவேண்டும் என்பன அதில் வரைந்து காட்டப்பட்டுள்ளன. 111 கிலோமீட்டர்க் கோப்புகளை நிரப்பிய ஒழுங்கு எத்தகையது என்பதை எந்த நீண்ட குறிப்பினும் இவ்வட்டை நன்கு உணர்த்துகின்றது. ஹோகன்ஷோன்ஹவுசன் சிறையின் விசாரணை அறைகளும் இவ்வாறே. ஆங்குச் சங்கிலி இல்லை. சுவரில் ஒட்டிய பூந்தாளும் சாளரத் திரையும் மேசையும் நாற்காலியுமே உள. வீட்டைக் காட்ட எழுந்த அருங்காட்சியகங்களினும் அச்சத்தைக் காட்ட எழுந்தவையே வீட்டைப்பற்றி மிகுதியாகக் கூறுகின்றன எனலாம்.

எனினும், அச்சத்தைக் காட்டுவன யாவும் இத்தகையன அல்ல. 2002 பிப்ரவரி 24 ஆம் நாள் அங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் திறக்கப்பெற்ற 'அச்ச மாளிகை' இதற்கு மாறானது. முதலில் பாசிசக் கட்சியினர்க்கும் பின்னர்ப் பொதுவுடைமை ஆட்சியின் மறைகாவலர்க்கும் இருப்பிடமான அக்கட்டடத்தில் இசையும் இருளும் ஒளியும் கொண்டு காண்பாரை நடுங்கச் செய்கின்றனர். முற்றத்தில் பெருந்தாங்கி ஒன்று நிற்கின்றது. பெயர்களுக்கும் குறைவில்லை, கொடுமை செய்தோர் எனக் கருதப்பட்டோர் பெயர்களும் படங்களும் ஒரு சுவர் நிறைய உள்ளன. இங்குக் குறை வேறு. 1944 மே முதல் சூலை வரை நாலு இலட்சத்திற்கு மேற்பட்ட அங்கேரிய யூதர் நாடுகடத்தப்பட்டமைக்கு அங்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது என்று அறிஞர் பலர் குறை கூறியுள்ளனர். 1956 க்குப் பின் முப்பதாண்டுக்கு மேல் நடந்த காதார் ஆட்சியில் மக்கள் எங்ஙனம் இணங்கியும் முணுமுணுத்தும் வாழ்ந்தனர் என்பதும் விளங்காது. முழுதும் புறமாகிய காட்சி அது. கொடுமை செய்தோர் வேறெங்கோ இருந்து வந்தோர்போல் தோன்றுவர். அண்டைவீட்டார் எவரும் அதில் இலர்.

இனி ஐசென்ஹூட்டென்ஸ்டாட்டுக்கு வருவோம். எஃகாலை ஒன்றின் தொழிலாளர்க்காக 1950 இல் தொடங்கிக் கட்டப்பட்ட நகரம் அது; 1953 முதல் 1961 வரை ஸ்டாலின் பெயரைத் தாங்கி நின்றது. அந்நகரத்துப் பழைய குழந்தைக் காப்பகம் ஒன்றில் 1993 ஆம் ஆண்டில், வரலாற்றறிஞர் ஆண்ட்ரியாஸ் லூட்விக் முயற்சியால், அன்றாடப் பண்பாட்டு ஆவண நிலையம் தோன்றிற்று. மாடிப்படியருகே வால்ட்டர் வொமாக்கா என்னும் ஓவியர் தீட்டிய வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் இன்றும் உள்ளன. இணைப்புக்குப்பின் மக்கள் தம் பழைய பொருள்களைத் தெருவில் எறிந்துகொண்டிருந்த காலம் அது. எறியாது தம்மிடம் தருக என்று நிலையத்தார் வேண்டினர். தட்டு, வானொலி, பள்ளிப் பை, சான்றிதழ் என இலட்சத்திற்கு மேற்பட்ட பொருள்கள் சேர்ந்தன. பொருளோடு நில்லாமல், கொணர்ந்தோரிடம் அதனை எங்குப் பெற்றீர், எதற்குப் பயன்படுத்தினீர், ஏன் இதுகாறும் வைத்திருந்தீர் என்று கேட்டு அவர் கூறியதையும் பதிந்தனர்.

இம்முறையில் உரைக்கு ஆசிரியர் உண்டாகின்றார். கொடுத்தவர் கூற்று ஒன்று, நிலையத்தார் விளக்கம் ஒன்று என இரண்டும் அருகருகே நிற்கும். கொடுத்தவர் தம் வாழ்வை இனிமையாக்கிக் கூறியிருக்கலாம். கூறவேண்டியதை மறைத்தும் இருக்கலாம். நினைவு பொய்க்கும் என்பதை அறிவோம். ஆயினும் அவர் எதை மறைத்தார் என்று ஆராய்தற்கேனும் அவர் கூற்று வேண்டும். பெயரற்ற வரவேற்பறையில் ஆராய்தற்கு ஒன்றுமில்லை. ஏழு மூலங்களுக்கு ஒரே உரை எழுதுவதினும், ஒரு மூலத்திற்கு இரு உரை இருத்தலே கற்பார்க்கு நன்மை பயக்கும் என்பது நம் ஏட்டுக்கல்வி அறிந்ததே.

இதற்கு ஒரு தடை கூறப்படும். தொல்லைப்பட்டோர் கூற்றும், தொல்லைப்படுத்தியோர் வீட்டுத் தேநீர்க் கிண்ணமும் ஒரே வரிசையில் நின்றால், அறம் மழுங்காதா என்பர். இது புறக்கணிக்கத்தக்க தடை அன்று. சிறையிலிருந்தவர் ஒருவர் அக்கிண்ணத்தின் முன் நிற்கும்போது அவர் உள்ளம் என்ன பாடுபடும் என்பதை எண்ணாது அமைக்கும் காட்சி கொடிது. ஆனால் அறத்தைக் காத்தற்கு வழி கிண்ணத்தை மறைத்தல் அன்று. அக்கிண்ணத்தில் தேநீர் பருகியவர் காலையில் எழுந்து எங்குச் சென்றார் என்பதையும் அதன் அருகே எழுதுதலே. அவ்வாறு எழுதத் துணிந்த குறிப்புகள் மிகச் சிலவே.

ஆற்றங்கரை அருங்காட்சியகத்திற்கு ஆண்டுதோறும் பல நூறாயிரவர் வருகின்றனர். போலந்து எல்லையருகே உள்ள எஃகு நகரத்திற்கு அத்துணைப் பேர் செல்வதில்லை. 2012 ஆம் ஆண்டளவில் பொருள் உதவி குறைந்து அந்நிலையம் தள்ளாடிற்று; அண்மை ஆண்டுகளில் பேஸ்கோவ் நகரத்துக் கலைக் காப்பகத்தோடு இணைந்து, 'கனவுலகும் அன்றாடமும்' என்று பொருள்படும் புதுப்பெயருடன் இயங்கி வருகின்றது. பொருள் கொடுத்தோருள் பலர் அன்றே முதியவர். அவர் சொல்லக் கேட்டு எழுதிய குறிப்புகளை முழுமையாகப் பதிப்பித்தல், பொருள்களைத் துடைத்து அடுக்குவதினும் உடனே செய்யவேண்டிய பணி. அதற்கு இன்னும் வாழ்வோரை மீண்டும் சென்று கண்டு, முதலில் கேளாத வினாக்களையும் கேட்டல் வேண்டும்.